வள்ளிக்குழி

சனிக்கிழமை, எட்டரை மணி.
சன்செட் வே நிறுத்தத்தில் இறங்கி
பழைய ரயில் பாதையில் ஒன்பது பேர் நடக்கிறோம்.
ருஸைனி கையுறை தருகிறார், அரிவாள் தருகிறார்,
ஆளுக்கு மூன்று கறுப்புப் பை தருகிறார்.
பட்டியலில் இறங்கிய விரல்
என் பெயரில் நிற்கிறது:
வள்ளி.

இன்று பிடுங்க வந்ததும் ஒரு வள்ளிதான்.
சான்சிபார் பக்கத்துக் கொடி.
யார் கொண்டுவந்தது என்றால்
தோளைக் குலுக்குகிறார்.
யாரோ, ஏதோ தோட்டத்துக்கு,
இலை அழகாயிருக்கிறதென்று.

கிளமெண்டி சாலையில் பேருந்து திரும்பும்போதெல்லாம்
என்ன பச்சை என்று வியந்திருக்கிறேன்.
கிட்டே வந்தால்
அத்தனை மரத்துக்கும் சேர்த்து ஒரே போர்வை.
ஆளில்லாத வீட்டில்
துணி போர்த்திய நாற்காலிகள்போல்
உள்ளே மரங்கள்.

காலை ஒன்பதுக்கு
கைப்பேசி விளக்கைப் போட வேண்டியிருக்கிறது.
ஹுவெய் லிங் ஒரு மீட்டர்ச் சட்டத்தைத் தரையில் வைத்து
கன்றுகளை எண்ணுகிறாள்.
பூஜ்யம்.
தள்ளி வைத்து எண்ணுகிறாள்.
பூஜ்யம்.
மூன்றாவது சட்டத்தின் ஓரத்தில்
நாவல் இனத்தில் ஏதோ ஒன்று, இரண்டே இலை.
மூன்று பேர் குந்தி உட்கார்ந்து பார்த்தோம்,
மழலையைப் பார்ப்பதுபோல்,
பெயர் வைக்காமல்.

இந்தக் கொடி கக்கத்தில் காய்க்கும்.
கட்டைவிரல் அளவு, கத்தரிக்காய்க் கறுப்பு.
தொட்டால் உதிரும்; உதிர்ந்தால் முளைக்கும்.
நாங்கள் இழுக்க இழுக்க
தலையில், தோளில், சட்டைக்குள்
பொலபொலவென்று அடுத்த காடு.
நானூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன்.
அப்புறம் பையைத்தான் எண்ணினேன்.

"வந்தேறிச் செடி" என்று சிரித்தான் இளங்கீரன்.
அந்தச் சொல்லை ஒருமுறை
மின்தூக்கிக்குள், வேறொரு மொழியில்,
என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.
வந்தது குற்றமில்லை இளங்கீரா,
பக்கத்தில் ஒன்றையும் எழவிடாததுதான்
என்று தொடங்கினேன்.
வாய்க்குள் கொசு போய்விட்டது.
துப்பி முடிப்பதற்குள்
அவன் அடுத்த மரத்துக்குப் போய்விட்டான்.

அடுத்த மரம் அல்பீசியா.
அதுவும் இவ்வூர் இல்லை, மொலுக்காஸ் தீவு.
கனமழையில் கிளை முறித்துப் போடும்,
பட்டியலில் அதற்கும் இடம் உண்டு.
அதன் உச்சிக் கவட்டையில்
ஒரு குடுமிக் கழுகின் கூடு.
கூட்டின் விளிம்பில்
பஞ்சு ஒட்டியதுபோல் ஒரு தலை.

ருஸைனி கையை உயர்த்தினார்.
எல்லோரும் அண்ணாந்தோம்.
எங்கள் பட்டியலை
அந்தப் பறவையிடம் யாரும் காட்டவில்லை.
"இழுக்காதீர்கள். இடுப்பளவில் அறுங்கள்.
மேலே இருப்பது மேலேயே காயட்டும்."

வேரடிக் கிழங்கை நான் அகழ்ந்தேன்.
வள்ளிக்கிழங்கு எடுத்த குழியில்
பெண்குழந்தை கிடந்ததாகக் கதை;
அதிலிருந்துதான் என் பெயர்.
முழங்கை ஆழம் போனேன்.
ஈரம், ஒரு பியர் மூடி,
ரப்பர்ப் பால் கிண்ணத்தின் உடைந்த பாதி.
அதற்கும் கீழே
கிழங்கு.
பிறந்த பிள்ளையின் தலையளவு.
இரு கையாலும் தூக்கினேன்,
அப்படித் தூக்க வேண்டியிருந்தது.
பையில் போட்டு முடிச்சிட்டேன்.
இன்னொரு முடிச்சும் போட்டேன்.

பதினொன்றரைக்கு வானம் உறுமி
மின்னல் எச்சரிக்கை வந்தது.
முப்பத்தொரு பை.
சுத்தம் செய்தது
ஒரு பூப்பந்து ஆடுகளம் அளவுக்கு இருக்கும்.
மிச்சத்தை விட்டுவிட்டு
கோப்பிக் கடைக்கு நடந்தோம்.
அடுத்த வாரமும் இதே இடமா என்று கேட்டேன்.
இதே இடம், முளைத்திருக்கும் என்றார் ருஸைனி.

திரும்பிப் பார்த்தேன்.
இடுப்பளவில் அறுபட்ட கொடி
மேலே ஐம்பதடிக்கு இன்னும் பச்சை.
செய்தி அங்கே போய்ச் சேரவில்லை.
மழைக்கு முந்திய காற்றில்
எல்லா இலைகளும் ஆடிக்கொண்டிருந்தன,
நடுவில்
கழுகு அசையாமல் உட்கார்ந்திருந்தது.